ஆம்புலன்ஸ் போன பிறகு: ஒரு ஊருக்கு ஃபேமிலி டாக்டர் எப்படி உருவாகுறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ் எல்லாம் படிச்சேன், நன்றி. "ப்ரோ, எப்பப் பாரு ஐடி வேலை, அப்ரைசல், லேஆஃப்னே பேசுறீங்க, உங்க ஊரைப் பத்தி ஒரு நாள் பேசுங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். சரி, இன்னைக்கு ஊர்க்கதைதான். ஆனா ஜாலியான கதை இல்ல, முன்னாடியே சொல்லிடுறேன்.

எங்க ஊர் உளுந்தூர்பேட்டை. சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ்ல போனவங்க எல்லாருக்கும் எங்க டோல்கேட் தெரியும், ஊர் தெரியாது. தூக்கத்துல ஒரு தடவை கண்ணைத் திறந்து "எங்க வந்திருக்கோம்?"னு கேட்டா, யாராவது "உளுந்தூர்பேட்டை"ன்னு சொல்வாங்க. திரும்ப தூங்கிடுவீங்க. இங்கதான் சேலம் ரோடு பிரியும். அந்த ரோட்டுல போனா தியாகதுருகம், அதைத் தாண்டி கள்ளக்குறிச்சி. அதுக்கும் மேல கல்வராயன் மலை.

2024 ஜூன் மூணாவது வாரம். நான் வொர்க் ஃப்ரம் ஹோம்ல ஊர்லதான் இருந்தேன். எங்க வீடு மெயின் ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ள. ஆம்புலன்ஸ் சத்தம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம், ஹைவே ஊர்ல அது இல்லாத நாளே இல்ல. ஆனா 19-ம் தேதி, புதன்கிழமை, அந்தச் சத்தம் நிக்கவே இல்ல. எல்லாம் சேலம் ரோட்டுப் பக்கமிருந்து வந்து, விழுப்புரம் பக்கம் போகுது. கால்ல இருந்தேன், மியூட் போட்டுட்டு வெளிய வந்து பார்த்தேன். எங்க ஆயா திண்ணையில உட்கார்ந்துகிட்டு விரல்விட்டு எண்ணிக்கிட்டிருந்தாங்க. "இது ஒம்போதாவது வண்டி தம்பி"ன்னாங்க.

மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். 60-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க 200-க்கும் மேல. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில இடம் பத்தாம, சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினாங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான், 2023 மே மாசம், மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பத்துலயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டவங்களக் கொன்னிருந்துச்சு.

யார் வித்தாங்க, யார் விட்டாங்கங்கிறது கோர்ட்டு, கமிஷன், சிபிஐன்னு போயிட்டிருக்கு. அதைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. நான் இன்னைக்குப் பேசப்போறது வேற. அந்த ஆம்புலன்ஸ் எல்லாம் போன பிறகு, அந்த ஊருக்கு என்ன மாதிரி டாக்டர் தேவை? அந்த டாக்டரை யார், எங்க வச்சு உருவாக்குறது?

முதல்ல பார்க்கிற டாக்டர்

இதை யோசிக்க வச்சது எங்க அக்கா. பெரியப்பா பொண்ணு. எம்பிபிஎஸ் முடிச்சிட்டு இந்தப் பக்கத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிறாங்க. அந்த வாரம் அவங்களுக்கு கேம்ப் ட்யூட்டி. மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்து, சாப்பிடாம படுத்துட்டாங்க. அப்புறம் ஒரு நாள் மொட்டை மாடியில உட்கார்ந்து மெத்தனால் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குச் சொன்னாங்க. நான் புரிஞ்சிக்கிட்ட வரைக்கும் சொல்றேன்.

மெத்தனால் உள்ள போனதும் உடனே கொல்லாது. கல்லீரல்ல இருக்கிற ஒரு நொதி அதை முதல்ல ஃபார்மால்டிஹைடா மாத்தும், அப்புறம் ஃபார்மிக் அமிலமா. அந்த அமிலம்தான் விஷம். ரத்தத்தை அமிலமாக்கும், கண் நரம்பைத் தாக்கும். இதுக்கு 12 மணி நேரம், 24 மணி நேரம் கூட ஆகலாம். அதுவரைக்கும் ஆளுக்கு வயித்து வலி, வாந்தி, தலைச்சுத்தல். அவ்வளவுதான். குடிச்சவருக்கு இதெல்லாம் வழக்கமா வர்றதுதானே? வீட்டுல உள்ளவங்களும் அப்படித்தான் நினைப்பாங்க, அவரும் அப்படித்தான் நினைப்பார். கண்ணு மங்கலாகும்போது பாதி நேரம் போயிருக்கும்.

மருந்து இருக்கு. ஃபோமெபிசோல்னு ஒண்ணு, அந்த நொதியைத் தடுக்கும். அது கையிருப்பு இருந்துச்சா இல்லையான்னு சட்டமன்றம் வரைக்கும் சண்டை நடந்தது ஞாபகம் இருக்கும். அது இல்லேன்னா எத்தனாலையே அளவா கொடுத்தும் தடுக்கலாம். பைகார்பனேட் கொடுக்கணும், டயாலிசிஸ் பண்ணணும். ஆனா இதெல்லாம் ரெண்டாவது ஸ்டெப். முதல் ஸ்டெப், யாராவது ஒருத்தருக்குச் சந்தேகம் வரணும்.

"டேய், ஒரே தெருவுலேர்ந்து மூணு பேர் ஒரே வயித்து வலின்னு வந்தா, அது வயித்து வலி இல்லன்னு தோணணும். அப்படித் தோணணும்னா, அவங்க ஒரே தெருன்னு முதல்ல டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தத் தெருவைத் தெரிஞ்ச டாக்டர் எத்தனை பேர் இருக்காங்க?"ன்னு அக்கா கேட்டாங்க.

என்கிட்ட பதில் இல்ல.

ஆயாவோட மாத்திரைப் பை

இங்க ஒரு சின்ன வீட்டுக்கதை சொல்லணும். எங்க ஆயாவுக்குச் சக்கரை, பிபி, முழங்கால் வலி, கண்ணுல புரை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொரு டாக்டரும் வேற வேற ஊர்ல. எல்லாருமே நல்ல டாக்டர்தான். ஆனா ஆயா அடிக்கடி தலை சுத்தி விழுந்துக்கிட்டே இருந்தாங்க. நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம், ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்லன்னாங்க. செலவு கிட்டத்தட்ட என் ஒரு மாசச் சம்பளம்.

ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வந்து, ஆயாவோட மாத்திரைப் பையை எடுத்துப் பாய்ல கொட்டினாங்க. பதினோரு வகை மாத்திரை. ஒவ்வொண்ணா திருப்பி, பின்னாடி சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படிச்சாங்க. ரெண்டு அட்டை, ரெண்டு கம்பெனிப் பேரு, உள்ள ஒரே பிபி மருந்து. ரெண்டு டாக்டர் தனித்தனியா எழுதினது. ஆயா ரெண்டையும் விடாம, கரெக்டா போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அக்கா அந்த டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டு ஒண்ணை நிறுத்தினாங்க. தலைச்சுத்தல் போயிடுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு மாட்யூலும் டெஸ்ட் பாஸ், ஆனா இன்டக்ரேஷன் பண்ண ஆளே இல்ல. அந்த ஆள்தான் ஃபேமிலி டாக்டர்.

"ஃபேமிலி டாக்டருக்கு எதுக்குப் படிப்பு, எம்பிபிஎஸ்ஸே போதாதா?"ன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அது தனியா மூணு வருஷப் பட்டமேற்படிப்பு. டிஎன்பி ஃபேமிலி மெடிசின்னு இருக்கு. சில கல்லூரிகள்ல எம்டி ஃபேமிலி மெடிசின் இருக்கு. வேலூர் சிஎம்சி பல வருஷமா இதுல வேலை செய்றாங்க. ஏற்கெனவே ஊர்ல பிராக்டிஸ் பண்ற டாக்டர்கள், வேலையை விடாமலே படிக்கிற மாதிரி தொலைதூரப் படிப்பு கூட நடத்துறாங்க. ஆனா நாட்டுல இருக்கிற மொத்த பிஜி சீட்டுல இதுக்கு இடம் ரொம்பக் கொஞ்சம். ரேங்க் நல்லா வந்தா ரேடியாலஜி, ஸ்கின், ஜெனரல் மெடிசின். ஃபேமிலி மெடிசின் எடுத்தா, "பாவம், ரேங்க் வரல போல"ன்னு சொந்தக்காரங்க பேசுவாங்க.

எங்க அக்கா எடுக்கணும்னு ஆசைப்படுறது அதைத்தான். நல்ல ரேங்க் வச்சிக்கிட்டு.

வீட்டுல பெரிய சண்டை. பெரியப்பா மூணு நாள் பேசல. என்னையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாங்க, 'படிச்ச பையன்'ல நான். நானும் எக்ஸெல் ஷீட் போட்டு, பத்து வருஷத்துல ரேடியாலஜி சம்பளம் எவ்வளவு, இது எவ்வளவுன்னு காட்டினேன். அக்கா அதைப் பார்த்துட்டு, "இதுல ஆயா எந்த காலம்ல இருக்காங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. லேப்டாப்பை மூடிட்டேன்.

புது ஆஸ்பத்திரிக்கு வயசு ஆகணும்

அப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பழைய மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குள்ள போங்க. யார் ஓடிக்கிட்டிருப்பாங்க? ஹவுஸ் சர்ஜனும் பிஜியும். பேராசிரியர் போன்ல இருப்பார். ஆஸ்பத்திரியோட கை, கால் எல்லாம் இந்தப் பசங்கதான்.

இப்ப கள்ளக்குறிச்சியோட டைம்லைன் பாருங்க. மாவட்டம் உருவானது 2019 நவம்பர். மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரி, ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 11 கல்லூரி திறந்தாங்களே, அதுல ஒண்ணு. எம்பிபிஎஸ் நாலரை வருஷம், அதுக்கப்புறம்தான் ஹவுஸ் சர்ஜன். அப்போ 2024 ஜூன்ல முதல் பேட்ச் பசங்க இன்னும் பாதிப் படிப்புலதான் இருக்காங்க. அந்தக் காலேஜ் தானே வளர்த்த ஒரு ஹவுஸ் சர்ஜன் கூட அன்னைக்கு இருந்திருக்க முடியாது. இது யார் மேலயும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. மரம் வச்சு ரெண்டரை வருஷத்துல நிழல் எங்கன்னு கேட்க முடியாது. இருந்தவங்க ராவும் பகலுமா நின்னாங்க.

ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. மாவட்ட ரெசிடென்சி திட்டம். 2021 பேட்ச்லேர்ந்து, எம்டி, எம்எஸ் படிக்கிற ஒவ்வொருத்தரும் மூணு மாசம் மாவட்ட அளவு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கணும்னு விதி. நல்லதுதான். ஆனா மூணு மாசத்துல ஒரு டாக்டருக்கு ஊரோட பஸ் ரூட்டு தெரியும். தெரு தெரியுமா?

நியூ ஆர்லியன்ஸ் என்ன பண்ணாங்க

பேரிடருக்கு அப்புறம் டாக்டர் பயிற்சியைத் திரும்பக் கட்டின ஊர் ஏதாவது இருக்கான்னு தேடினப்போ கிடைச்சது அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். நகரத்துல 80 சதவீதம் தண்ணியில. அங்க சாரிட்டி ஹாஸ்பிட்டல்னு ஒண்ணு, 1736-ல தொடங்கினது. ஏழைங்களுக்கான ஆஸ்பத்திரி, கூடவே அந்த ஊரோட பெரிய டாக்டர் பட்டறை. புயலுக்கு அப்புறம் அது திரும்பத் திறக்கவே இல்ல. டுலேன் மருத்துவக் கல்லூரி ஹூஸ்டனுக்குப் போச்சு, எல்எஸ்யு பேட்டன் ரூஜுக்குப் போச்சு. பயிற்சி டாக்டர்கள் ஊர் ஊரா சிதறினாங்க.

ஒரு ரெசிடென்சிக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க. கட்டடம்னு நினைப்போம். உண்மையில வேணுங்கிறது மூணு: நோயாளிகள், சொல்லிக்கொடுக்கிற ஆள், நேரம். அதுலயும் ஃபேமிலி மெடிசின் ஒரு படி மேல. அங்க ஒரு பயிற்சி டாக்டர் வாரா வாரம் ஒரே கிளினிக்ல உட்கார்ந்து, அதே குடும்பங்களை மூணு வருஷம் பார்க்கணும். கர்ப்பமா வந்த பொண்ணு, அப்புறம் அந்தக் குழந்தையோட தடுப்பூசி, அப்புறம் அந்த வீட்டுத் தாத்தாவோட சக்கரை. அந்தத் தொடர்ச்சிதான் சிலபஸ். வெள்ளம் வந்து அந்தக் குடும்பங்களே சிதறிப்போனா, சிலபஸே அடிச்சிட்டுப் போன மாதிரி.

அவங்க திரும்பக் கட்டினப்போ எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் நடந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் காத்திருக்கல. புது ஆஸ்பத்திரி திறந்ததே 2015-லதான், பத்து வருஷம் கழிச்சு! அதுக்கு நடுவுல, ஏரியா ஏரியாவா சின்ன சின்ன கிளினிக் போட்டாங்க. 2007-ல மத்திய அரசு இதுக்குன்னே 100 மில்லியன் டாலர் கொடுத்துச்சு. முன்னாடி ஜுரத்துக்குக் கூட சாரிட்டி எமர்ஜென்சி வாசல்ல வரிசையில நின்னவங்க, வீட்டுப் பக்கத்துலயே ஒரு டாக்டரைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. பயிற்சி டாக்டர்களும் அந்த மாதிரி கிளினிக்குகள்ல போய் உட்கார்ந்தாங்க. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரல, அந்த ஊர்ல இன்னும் ஆயிரம் பிரச்சனை. சாரிட்டியை மூடினதே தப்புன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா பழசை அப்படியே திரும்பக் கட்டணும்னு அவசியமில்லங்கிறது புரிஞ்சது.

நமக்கு இன்னும் பக்கத்துல நேபாளம். 1982-லயே கனடாவோட கால்கரி பல்கலைக்கழகத்தோட சேர்ந்து, பொது மருத்துவருக்குன்னு மூணு வருஷ எம்டி ஆரம்பிச்சாங்க. மலையில வேற ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, அதனால அந்த டாக்டருக்குச் சிசேரியனும் தெரியணும், எலும்பு முறிவும் தெரியணும், மயக்க மருந்தும் கொடுக்கத் தெரியணும். 2015 ஏப்ரல்ல பூகம்பம் வந்தப்போ, அந்தப் படிப்புக்கு 33 வயசு. பேரிடர் வந்த மறுநாள் இப்படி ஒரு டாக்டரை உருவாக்க முடியாது. முன்னாடியே இருந்தாதான் உண்டு.

நம்ம ஊருக்கு என்னோட ஆசை

நான் டாக்டர் இல்ல, அதிகாரியும் இல்ல. இது ஒரு ஊர்க்காரனோட ஆசை, அக்காவோட பேசிப்பேசி வந்தது.

கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியை மையமா வச்சு ஒரு ஃபேமிலி மெடிசின் பயிற்சி. ஒரு கால் உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையில, ஹைவே விபத்தும் பிரசவமும் இங்க எப்பவும் உண்டு. இன்னொரு கால் கல்வராயன் மலையில, வெள்ளிமலைப் பக்கம். சாராயச் சாவுக்கு அப்புறம் மலை மக்களோட வாழ்க்கை நிலைமையைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றமே தானா முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அங்க பேசப்பட்டுச்சு. அந்த மலைக்கு மாசம் ஒரு கேம்ப் போதாது. மூணு வருஷம் அதே முகம் வரணும். நம்மகிட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லேர்ந்து இருக்கு. வீட்டுக்கே பிபி, சக்கரை மாத்திரை போகுது. அந்தக் கதவை ஏற்கெனவே தட்டிட்டாங்க. அந்தப் பதிவேட்டைக் கையில வச்சிக்கிட்டு ஒரு பயிற்சி டாக்டர் அந்த வீட்டுக்குள்ள போனா போதும்.

கருணாபுரத்துலயும் வேலை முடியல. ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் கொடுத்தாங்க. அது தேவைதான். ஆனா கண் பார்வை குறைஞ்சு வீட்டுல உட்கார்ந்திருக்கிறவர், தூக்கம் வராத அம்மா, திரும்பக் குடிக்க ஆரம்பிச்ச அண்ணன், இவங்கள்லாம் எந்த ஓபிக்குப் போவாங்க? கண், மனநலம், பொது மருத்துவம்னு மூணு சீட்டு வாங்கி மூணு வரிசையில நிக்கணுமா? குடியை நிறுத்தணும்னு ஒருத்தர் நினைக்கிற அந்த ஒரு நாள்ல, போய்ப் பேசத் தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, அக்கா சொன்னது. விரிவாக்கம்னா உடனே "சீட்டை ரெண்டு மடங்கு ஆக்கு"ன்னு கிளம்பிடுவோம். சொல்லிக்கொடுக்க ஆள்? ஃபேமிலி மெடிசின் படிச்சவங்களே கம்மி, அதனால ஆசிரியர் கம்மி, அதனால சீட் கம்மி, அதனால படிச்சவங்க கம்மி. கோழியா முட்டையா கதை. முதல்ல ஒரு சின்ன பேட்ச், ரெண்டு மூணு பேர். அவங்களே படிச்சு முடிச்சு இங்கயே ஆசிரியரா நிக்கணும். அப்புறம் பெருசாக்கலாம். முதல் கம்பைலரை யாரோ ஒருத்தர் கையாலதான் எழுதினாங்க, அதுக்கப்புறம் அது தன்னைத்தானே கம்பைல் பண்ணிக்கிச்சு. இதை நான் சொன்னப்போ அக்கா, "நீ இப்பவாவது உருப்படியா ஒண்ணு சொன்ன"ன்னாங்க.

சரி, சண்டை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பெரியப்பா இன்னும் முழுசா இறங்கல. போன வாரம் ஆயாதான் பேசினாங்க. "ஏன்டா, எனக்கு எல்லா வியாதியும் ஒரே ஒடம்புலதான இருக்கு, அதைப் பார்க்க ஒரு ஆள் படிச்சா என்னடா தப்பு?" பெரியப்பா ஒண்ணும் சொல்லாம டீயைக் குடிச்சிட்டு வெளிய போயிட்டார். எங்க வீட்டுல அதுக்குப் பேரு சம்மதம்னு எடுத்துக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கவுன்சிலிங் லிஸ்ட்ல முதல் சாய்ஸா என்ன போடணும்னு அக்கா முடிவு பண்ணிட்டாங்க. நான் அந்த எக்ஸெல் ஷீட்டை டெலீட் பண்ணிட்டேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். ஊருக்குப் போகும்போது உங்க அம்மா, அப்பா, ஆயாவோட மாத்திரைப் பையை எடுத்து ஒரு பேப்பர்ல கொட்டுங்க. ஒவ்வொரு அட்டையிலயும் சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரை ஒரு லிஸ்ட்டா எழுதி, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்த ஒரே லிஸ்ட்டைக் காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, ப்ளீஸ். கேளுங்க, போதும். என்ன கிடைச்சதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.

அதுவரைக்கும், உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து பாருங்க. நாங்க அங்கதான் இருக்கோம். வர்றேன், வணக்கம்.